ரூ.9,999 அலாரம்: ஒரு வாசகரின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரமாக வீட்டுப் பாதுகாப்பு அலாரம் விளம்பரம் ஒன்று அரைப் பக்கத்துக்கு வருகிறது. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துச் சிரிக்கும் அப்பா, பின்னால் பூட்டிய கதவு, கீழே கொட்டை எழுத்தில் 'ரூ.9,999 மட்டுமே'. அந்த 'மட்டுமே'க்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பக்கத்தின் அடியில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போட்டிருக்கிறது. என்ன நிபந்தனை என்று எனக்குத் தெரியும், காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்கு வந்தது வேறு கம்பெனி, ஆனால் நட்சத்திரம் இதே நட்சத்திரம்தான். விளம்பரம் கொடுக்கிறவர்களின் தொழிலைப் பற்றிய கடிதத்தை நீங்கள் போடுவீர்களா என்பது உங்கள் பாடு.

நான் பெங்களூரு தூரவாணி நகரில் உள்ள ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் 1978 முதல் 34 வருடம் வேலை பார்த்தவன். ஸ்ட்ரௌஜர், கிராஸ்பார் என்ற பழைய வகை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்து ஆள். ரிலே, சுவிட்ச், பேட்டரி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அவமானத்துக்காகச் சொல்கிறேன். அலாரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த நானே ஏமாந்தேன். ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 சைட்டில் ஒரு வீடு கட்டி, கீழே நானும் மனைவியும் இருக்கிறோம், மேலே வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரே மகள், அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள்.

பொங்கல் முடிந்த வாரம் அடுத்த தெருவில் பூட்டியிருந்த வீடு ஒன்றில் கொள்ளை போனது. நகையோடு வெள்ளிக் குத்துவிளக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு இரண்டு பையன்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு கேட்டைத் தட்டினார்கள். கன்னடத்தில் ஆரம்பித்தவன் வாசல் கோலத்தையும் காய்ந்துபோன மாவிலையையும் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான். என் மனைவி மோரே கொடுத்துவிட்டாள். ஓசூர்ப் பக்கமாம். அந்தத் தமிழும் அந்த மோரும் பாதி வியாபாரத்தை முடித்துவிட்டன.

உடைந்த பூட்டுகளின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினான். எந்த ஊர்ப் பூட்டோ! "போன மாசம் மட்டும் இந்த ஏரியாவுல ஏழு வீடு அங்கிள். போலீஸே போடச் சொல்லி ஆர்டர் இருக்கு" என்றான். அப்படி ஓர் ஆர்டரும் வீடுகளுக்குக் கிடையாது. கர்நாடகத்தில் 2017இல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம் ஜனங்கள் கூடுகிற கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி மாதிரியான இடங்களில் கேமரா வைக்கச் சொல்கிறது, வயதான இருவர் குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. இதை நான் பிறகுதான் படித்தேன்.

அவன் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வீட்டில் எத்தனை பேர்? ஊருக்குப் போனால் எத்தனை நாள் தங்குவீர்கள்? பீரோ எந்த அறையில்? பின்கதவுத் தாழ்ப்பாள் எப்படி? எல்லாவற்றையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டான். திருடனுக்கு வேண்டிய விவரம் அத்தனையும் நானே உட்காரவைத்து, மோர் கொடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் விலை 9,999தான். வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்ததும் அந்த 'பேஸ் பேக்'கில் இரண்டு கதவுக்குத்தான் சென்சார் உண்டு என்றான். எங்களுக்கோ பின்கதவு, மொட்டை மாடிக் கதவு, பக்கச் சந்தில் ஒரு கதவு என்று இன்னும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் 1,850. ஹாலுக்கு நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் மோஷன் சென்சார் இன்னொன்று 2,900. பொருத்துகிற கூலி 2,500. ஆக 20,949. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 24,720 ஆனது. நான் தயங்கியதும், "நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியில்லாத தவணை இருக்கு அங்கிள், ஆனா ஆஃபர் இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான். உங்க தெருவுல டெமோ வீடா உங்க வீட்டை வச்சிருக்கோம்" என்றான். டெமோ வீடு என்றதும் என் மனைவி முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும்தான், ஒளிப்பானேன்.

கண்ணாடிப் பலகையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கோழி கிறுக்கினது மாதிரி இருந்தது. பிறகு என் போனுக்கு மூன்று ஓ.டி.பி. வந்தது. ஒன்று ஒப்பந்தத்துக்கு, ஒன்று கடனுக்கு, ஒன்று மாதாமாதம் என் கார்டிலிருந்து கண்காணிப்புக் கட்டணம் எடுத்துக்கொள்ள. மூன்றும் ஒரே வேலைக்கு என்று நினைத்து வாய்விட்டு வாசித்துச் சொன்னேன். "மாசா மாசம் ஒரு சின்ன சார்ஜ் வரும், கேஸ் சிலிண்டர் விலைகூட இல்ல" என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது 649 ரூபாய், வரியோடு 766. முப்பத்தாறு மாதம் கட்டியே ஆகவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது மறுநாள் மின்னஞ்சலில் வந்த 11 பக்க ஆங்கிலத் தாளில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் வரைபடத்து ஆங்கிலம் படிப்பேன், வக்கீல் ஆங்கிலம் படிக்கமாட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். வழக்கம்போல் கே.ஆர்.புரத்தில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து மனைவியின் அண்ணன் வீடு. இரவு இரண்டு மணி இருக்கும், மாடியில் குடியிருக்கிறவர் போன் செய்தார். "சார், உங்க வீட்டுல சைரன் நாற்பது நிமிஷமா அடிக்குது, தெருவே முழிச்சிருக்கு." என் கை கால் ஓடவில்லை. மாதம் 766 ரூபாய் வாங்குகிற கண்காணிப்பு மையத்திலிருந்து ஒரு போன் இல்லை. நான் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய்க் கடைசியில் ஒரு பெண் வந்தாள். "உங்களுடையது பேசிக் பிளான் சார். ஆப்பில் நோட்டிஃபிகேஷன் மட்டும்தான் வரும். போன் செய்து சொல்வதும் ஆள் அனுப்புவதும் பிரீமியம் பிளானில்தான் உண்டு" என்றாள். நோட்டிஃபிகேஷன் வந்திருந்தது, உண்மைதான். தூங்குகிறவன் தலைமாட்டில், சத்தமில்லாத போனில். மாடி வீட்டுக்காரரே 112க்குப் போன் செய்து, ரோந்து போலீஸ் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திருடன் யார் என்று நான் திரும்பி வந்த அன்று தெரிந்தது. பல்லி.

சர்வீஸுக்கு வந்த தர்மபுரிப் பையன் நல்லவன், மறைக்காமல் சொன்னான். "பாதி வீட்டுல இதான் சார்." இந்த மோஷன் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை, அறையில் வெப்பம் இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. தூரத்தில் ஓடும் பல்லியைக் கண்டுகொள்ளாது. லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் அது ஓர் ஆள் நடந்த மாதிரி பெரிதாகப் பதியும். பொருத்தியவன் அதை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். இரவெல்லாம் ஹால் விளக்கு எரியட்டும், வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரியும் என்று சொன்னதும் அதே விற்பனைப் பையன்தான். சென்சாரை மூன்றடி தள்ளி வைக்க ரூ.590 வாங்கினார்கள், 500ம் வரியும். பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே இருக்கிறது. சென்சார் மேல் விழுந்தால் என்ன பலன் என்று நான் பேனாவால் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சாமான் 24,720. கண்காணிப்பு மூன்று வருடத்துக்கு 27,570. கடன் 'நோ காஸ்ட்' என்றாலும் அதற்குப் பிராசஸிங் கட்டணம் 589. முதல் வருடம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தம் வருடத்துக்கு 4,130, இரண்டு வருடத்துக்கு 8,260. பேட்டரி அதில் சேராதாம், அது 'தேய்மானப் பொருள்'. பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, யு.பி.எஸ்.ஸில் இருக்குமே அதே ஜாதி. மூன்று வருடத்துக்குள் ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும். எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் எனக்கு 950க்குக் கிடைக்கிறது, இவர்கள் விலை 2,400. பல்லிக்காக வருடத்துக்கு ஒரு விசிட் என்று வைத்தால் 1,770. கூட்டினால் 65,309. நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்தது இதுதான். 9,999க்கும் இதற்கும் நடுவில் ஐம்பத்தைந்தாயிரம்.

சாமானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், என் தொழில் புத்தி விடவில்லை. கதவுச் சென்சார் என்பது ரீட் சுவிட்ச். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய தகடு இரண்டு. பக்கத்தில் காந்தம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கதவு திறந்து காந்தம் விலகினால் பிரியும். அவ்வளவுதான். சில ரூபாய்ச் சமாச்சாரம். கூட ஒரு ரேடியோ சிப்பும் பட்டன் பேட்டரியும் பிளாஸ்டிக் டப்பாவும் சேர்த்தாலும் 1,850 என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. சரி, லாபம் வைத்து விற்பது குற்றமில்லை, கம்பெனி நடத்தவேண்டும், சம்பளம் கொடுக்கவேண்டும். என் சண்டை அதோடு இல்லை. மொத்தம் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் வேண்டும், வேண்டாம் என்று நான் முடிவு செய்திருப்பேன்.

கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால் சேவையை நிறுத்தச் சொல்லி எழுதினேன். மீதி 26 மாதக் கட்டணத்தையும் கட்டிவிட்டு நிறுத்துங்கள் என்று பதில் வந்தது. ரூ.19,916. பார்க்காத வீட்டைப் பார்ப்பதற்குக் கூலி! கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதை வங்கி மூலம் ரத்து செய்தேன். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி தகவல் அனுப்பவேண்டும், வேண்டாம் என்றால் நாம் ரத்து செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தி மாதாமாதம் எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது, பத்தோடு பதினொன்றாகத் தள்ளிவிட்டிருக்கிறேன். ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பணம் எடுப்பதை நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. எனக்குப் பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு தாள் வந்தது. மிரட்டல் போன்கள் தனி. ஒருவன், "உங்க சிபில் ஸ்கோர் போயிடும் தாத்தா" என்றான், கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கும் மதிப்பெண் அது. விற்கும்போது அங்கிள், வசூலிக்கும்போது தாத்தா.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நான் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து மேனேஜர் ஒருவர் தணிந்த குரலில் கூப்பிட்டு, மூன்று மாதக் கட்டணத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். 2,298 கட்டினேன். கட்டியிருக்கவேண்டாம் என்று மகள் திட்டினாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம்தான். வாங்கியதற்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். எனக்கு ஒரு சிக்கல் உறுத்தியது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றைச் சொல்கிறது. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம் போடுவதும் அதில் வருகிறது, என் 19,916க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் அந்தப் பிரிவில் புகார் செய்தால் மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்று போட்டால்தான் மாவட்டம். இருபதாயிரம் ரூபாய்க்காரனை எதற்காக மாநிலத்துக்கு அனுப்பவேண்டும்?

மகள் சொன்ன இன்னொரு விஷயம். அமெரிக்காவில் வீட்டுக்கே வந்து விற்றால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரைக்கும் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாமாம். ரத்துப் படிவத்தை விற்கிறவனே இரண்டு பிரதி கொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம். அங்கேயும் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்லவரவில்லை. வீடு வீடாகப் போன விற்பனையாட்கள் கடன் தகுதி இல்லாதவர்களைத் தேற்றுவதற்காக அதே மாதிரிப் பெயருள்ள வேறு யாருடைய கடன் வரலாற்றையோ பயன்படுத்தினார்கள் என்று, 2021இல் ஒரு பெரிய அலாரம் கம்பெனி 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே இப்படித் தண்டனை இருக்கிறது. இங்கே 2023 நவம்பரில் மத்திய அரசு இணைய வியாபாரத்தின் தந்திரங்கள் 13ஐப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விலையைத் துளித்துளியாக ஏற்றுவது, சந்தாவிலிருந்து வெளியே வரமுடியாமல் சிக்கவைப்பது, 'இன்றே கடைசி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அதில் இருக்கின்றன. என் வீட்டுத் திண்ணையில் இந்த மூன்றும் ஒரே மணி நேரத்தில் நடந்தன. ஆனால் அந்தத் தடை செயலிக்கும் இணையதளத்துக்கும்தான். மோர் குடித்துக்கொண்டே வாயால் செய்தால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கடன் கொடுப்பவர்கள் வட்டி, கட்டணம், எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அது கட்டாயம். என் கடனுக்கும் அந்தத் தாள் வந்தது, அதில்தான் அந்த 589ஐக் கண்டுபிடித்தேன். அதே மாதிரி ஒரு தாள் அலாரத்துக்கும் வேண்டும். மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு, அலாரம் அடித்தால் யார் யாருக்குப் போன் செய்வார்கள், செய்யமாட்டார்கள் என்று கையெழுத்துக்கு முன்னால், நான் படிக்கிற மொழியில் கொடுக்கவேண்டும். எங்கள் தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. விளம்பரத்தை மூன்றிலும் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் அடிக்கத் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. அந்தப் பெட்டிக்கு 'இன்ஸ்டாலர் கோட்' என்று ஒரு ரகசிய எண் உண்டு. அது கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கும். அது இல்லாமல் வேறு மெக்கானிக் யாரும் அதைத் தொடமுடியாது, சென்சாரை வேறு இடத்துக்கு மாற்றினால்கூடப் பதிய முடியாது. பணம் முழுக்கக் கட்டி வாங்கிய பெட்டி, சாவி மட்டும் விற்றவன் இடுப்பில். சேவையை நிறுத்திய மறுநாளே பெட்டி ஊமையாகிவிட்டது. நான் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரீட் சுவிட்ச், ஒரு ரிலே, ஒரு சைரன், பேட்டரி என்று ரூ.3,100க்கு வாங்கிவந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐந்து கதவுக்கும் வயர் இழுத்து மாட்டிவிட்டேன். மாடி வீட்டில் ஒரு மணி அடிக்கும்படியும் செய்தேன், அவர்தானே உண்மையில் கண்காணிப்பு மையம். இப்போது ஊருக்குப் போகும்போது போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். எல்லாராலும் சால்டரிங் இரும்பு பிடிக்கமுடியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனியின் வெள்ளைப் பெட்டி இன்னும் ஹால் சுவரில் இருக்கிறது. கழற்றினால் ஆறு ஓட்டை தெரியும், வெள்ளையடிக்கவேண்டும் என்று மனைவி விடவில்லை. அதன் இன்ஸ்டாலர் எண்ணைக் கேட்டு மூன்று பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. அவர்களும் உங்கள் பத்திரிகை படிப்பார்கள், விளம்பரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காவது. இதை நாலாவது தபாலாக வைத்துக்கொள்ளட்டும்.

பெயர் போடவேண்டாம். மகளுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழிலாளி,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.